இணைகோடுகளின் கூடல்

நுழையும்முன்

இணைகோடுகள் சந்திப்பதில்லை என்பது பள்ளியில் கற்கும் அடிப்படை உண்மை. அவை சந்திப்பதாகக் கொண்டு வளர்ந்த ஒரு கணிதத் துறை, வயல்வெளி ஆய்வுக்கும் துணைநின்ற வரலாற்றை இப்பாடம் விளக்குகிறது.

மதுரையின் பழம்பெயர்களுள் ஒன்று கூடல். ஆனையூரை அடுத்து, திண்டுக்கல் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த தொடர்வண்டி நிலையமும் கூடல் நகர் என்றே வழங்கப்படுகிறது. அங்கு நின்று நோக்குவோர்க்கு, 1676 மில்லிமீட்டர் இடைவெளி மாறாத தண்டவாளங்கள் தொடுவானில் கூடுவதாகத் தோன்றும். இத்தோற்றத்தைப் பொய்யென ஒதுக்காமல், அதற்கு இலக்கணம் வகுத்ததே வீழ்ப்பு வடிவியல். பிரான்சு நாட்டுத் தெசார்கு 1639இல் இதற்கு வித்திட்டார். ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தபோது இதனை ஆராய்ந்த போன்செலே, 1822இல் நூலாக வெளியிட்டார்.

ஒரு புள்ளியின் வழியே செல்லும் கோடுகள் ஒரு குடும்பம். ஒரே திசையில் செல்லும் இணைகோடுகளும் ஒரு குடும்பமே. ஆயினும் அவற்றுக்குப் பொதுப்புள்ளி இல்லை. இக்குறையை நீக்க, ஒவ்வோர் இணைகோட்டுக் குடும்பத்திற்கும் ஒரு முடிவிலிப்புள்ளியை வீழ்ப்பு வடிவியல் வழங்குகிறது. அதன்பின், ஒரு தளத்தின் எவ்விரு கோடுகளும் விதிவிலக்கின்றி ஒரு புள்ளியில் சந்திக்கும். அத்தளத்தின் முடிவிலிப்புள்ளிகள் யாவும் சேர்ந்து முடிவிலிக்கோடு ஆகும். தளங்களுக்கும் இதுவே முறை. நூலின் ஏடுகள் தையலில் ஒன்றுபடுவதுபோல், ஒரு கோட்டின் வழியே செல்லும் தளங்கள் ஒரு குடும்பம். மாடிக் கட்டடத்தின் அடுக்குகள் போன்ற இணைதளங்களோ, முடிவிலியில் ஒரு கோட்டில் ஒன்றுபடும் குடும்பம்.

வரிசைக்கு மூன்றாக, மூன்று வரிசையில் ஒன்பது கோலப்புள்ளிகளை இடுக. கிடைவரிசைகள் ஒரு குடும்பம், நெடுவரிசைகள் மற்றொன்று. ஓரத்தைக் கடந்தால் எதிர் ஓரத்திலிருந்து தொடர்வதாகக் கொண்டால், இருபுற மூலைவாட்டிலும் மேலும் இரு குடும்பங்கள் அமையும். குடும்பத்திற்கு மூன்றாக மொத்தம் 12 கோடுகள். நான்கு முடிவிலிப்புள்ளிகளையும் ஒரு முடிவிலிக்கோட்டையும் சேர்த்தால் 13 புள்ளிகள், 13 கோடுகள். கோடுதோறும் நான்கு புள்ளிகள், புள்ளிதோறும் நான்கு கோடுகள்.

ஒன்பது புள்ளிகளையும் ஒன்பது பாத்திகளாகக் கருதுவோம். மூன்றாம் குடும்பத்தின் கோடுகளுக்கு மூன்று நெல்வகைகளையும், நான்காம் குடும்பத்தின் கோடுகளுக்கு மூன்று உரங்களையும் வழங்கினால், ஒவ்வொரு நெல்லும் ஒவ்வோர் உரமும் எல்லா வரிசைகளிலும் ஒருமுறை இடம்பெறும். ஒவ்வொரு நெல்லும் ஒவ்வோர் உரத்துடன் ஒருமுறை மட்டுமே சேரும். நிலத்தின் ஒரு பகுதி வளமாக இருந்தாலும் ஆய்வு ஒருதலையாகாது. இத்தகைய சதுரங்களுக்கும் வீழ்ப்புத் தளங்களுக்கும் உள்ள உறவை, கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஆர்.சி. போஸ் 1938இல் நிறுவினார்.

2, 6, 10, 14 எனத் தொடரும் அளவுகளில் இத்தகைய இரட்டைச் சதுரம் அமையாது என 1782இல் வெளியான கட்டுரையில் ஆய்லர் கருதினார். 6 வரிசைக்கு அக்கருத்து மெய்யென்று தாரி 1901இல் காட்டினார். ஆயினும் 1959இல் போசும் அவருடைய மாணவர் ஸ்ரீகண்டேயும் 22 வரிசைச் சதுரத்தை அமைத்தனர். பார்க்கர் 10 வரிசைக்கு அமைத்தார். 2, 6 தவிர ஏனைய அளவுகள் அனைத்திலும் அமையும் என மூவரும் மெய்ப்பித்தனர். பேரறிஞர் கூற்றாயினும் மெய்ப்பிக்கப்படும்வரை அது கருத்தே என்பதை இவ்வரலாறு உணர்த்துகிறது.

கற்பவை கற்றபின்

ஒன்பது புள்ளிக் கோலமிட்டு, நான்கு குடும்பங்களையும் நான்கு வண்ணங்களில் வரைக. எவ்விரு புள்ளிகளும் ஒரே ஒரு கோட்டில் அமைவதைச் சரிபார்க்க.