நட்டைச் சுற்றிச் செம்பொடி தெரிந்தால்

இறுக்கிப் பூட்டிய இரண்டு இரும்புப் பாகங்களும் அதிர்வில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டே இருக்கும். அசைவு சில மைக்ரான் அளவுதான், கண்ணுக்குத் தெரியாது. உரசலில் உதிரும் துகள் காற்றுப்பட்டு ஆக்சைடாகி, செம்பழுப்புப் பொடியாக வெளிவரும். மழையில் பிடித்த துரு என்று பலர் துடைத்துவிட்டுப் போவது இதைத்தான். சக்கர நட்டின் விளிம்பிலிருந்து கோடுகோடாகப் பரவியிருந்தால், அது பெரும்பாலும் நட்டு தளர்ந்ததன் அடையாளம். அலுமினியத்தில் பொடி கறுப்பாக இருக்கும்.

பொடியைவிட, அது பெயர்ந்துவந்த சிறு குழிதான் பெரிய ஆபத்து. விரிசல் அங்கே தொடங்கி, சுமை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் துளித்துளியாக வளரும். கடைசியில் போல்ட் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறியும். முறிந்த முகத்தில் ஒரு பகுதி வழவழப்பாக, வளைகோடுகளோடும், மீதி சொரசொரப்பாகவும் இருந்தால் விரிசல் பல நாள் வளர்ந்தது என்று பொருள்.

காரில் சக்கரத்தைக் கழற்றி மாட்டும்போது, அது அமரும் முகத்தில் அழுக்கோ புதுப் பெயின்ட்டோ இருக்கக் கூடாது. நட்டுகளை எதிரெதிராக, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி சரிபார்ப்பது அவசியம். ரெஞ்சின் மேல் ஏறி மிதிக்கும் வழக்கம் கூடாது. மிதித்தால், நட்டு ஏறும் மரைத்தண்டான ஸ்டட் நீண்டு பிடிப்பே போய்விடும். மரையில் கிரீஸ் தடவினாலும் நட்டு மிகையாக இறுகும் என்பதால், கையேடு சொன்னாலொழிய தடவக் கூடாது. தளர்ந்தே நெடுநாள் ஓடிய ஸ்டட்டைத் துடைத்து மீண்டும் இறுக்குவதைவிட, புதிதாக மாற்றுவதே மலிவு.