டேனா, ராஜபாளையமா? தராசைக் கேளுங்கள்

தம்பிகளா, உப்பிலியபுரம் பக்கம் தோட்டத்தில் வீடு கட்டினதும் காவலுக்குப் பெரிய நாய் தேடுகிறீர்கள். குட்டி விலையை விசாரிக்கிறவர்கள் வைத்தியச் செலவை விசாரிப்பதில்லை.

1. வளர்ந்த ராஜபாளையம் ஏறக்குறைய 25 கிலோ. கிரேட் டேன் சாதாரணமாக 60. தடுப்பூசிக்கு இந்த வித்தியாசம் கிடையாது. ரேபிஸ் ஊசி எந்த நாய்க்கும் அதே 1 மில்லிதான். ஜூலை 6 விலங்குவழி நோய்கள் தினத்தன்று அரசு மருந்தகங்களில் அதை இலவசமாகவே போடுவார்கள்.

2. உண்ணிக் காய்ச்சலில்தான் கணக்கு மாறும். நாய் சோற்றை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். டாக்டர் வழக்கமாக எழுதுவது டாக்ஸிசைக்ளின். கிலோவுக்கு 10 மில்லிகிராம், தினமும், 28 நாள். 100 மில்லிகிராம் மாத்திரையில் ராஜபாளையத்துக்கு மொத்தம் 70, டேனுக்கு 168. பூச்சி மாத்திரையும் மயக்க மருந்தும் எடைப்படிதான். இன்னொன்று, நாயை மட்டும் குளிப்பாட்டிப் பயனில்லை. உண்ணி முட்டையிடுவது சுவர் வெடிப்பில். முதலில் அதைப் பூசுங்கள்.

3. டேனுக்குப் பெரிய ஆபத்து வயிறு. இரைப்பை காற்றால் உப்பி அப்படியே முறுக்கிக்கொள்ளும். வாந்தி எடுக்கப் பார்க்கும், நுரைதான் வரும்; வயிற்றைத் தட்டினால் மத்தளம். சில மணி நேரத்துக்குள் ஆபரேஷன் நடக்காவிட்டால் பிழைக்காது. நாமக்கல்லில் 1985 முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருப்பது நம் அதிர்ஷ்டம். ஆனால் நடுராத்திரியில் 60 கிலோ நாயைத் தூக்கிப்போட வண்டியும் ஆளும் உண்டா? தீனியை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள், தின்றவுடன் ஓடவிடாதீர்கள். கருத்தடை செய்யும்போதே இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ராஜபாளையத்துக்கும் நெஞ்சு ஆழம்தான், வரவே வராது என்று சொல்லமாட்டேன்.

4. டேன் குட்டிக்குக் கால்சியம் டானிக் ஊற்றாதீர்கள். கூடினால் எலும்பு கோணும்.

5. ராஜபாளையம் 2005இல் தபால்தலையில் வந்த நாய். அந்தப் பெருமையில் மயங்கி வாங்கிவிடாதீர்கள். வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் சில குட்டிகளுக்கு வரும், அதற்கு மருந்தில்லை. குட்டியைத் தனியாக விட்டு, பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். தரையைத் தட்டினால் அதிர்வில் திரும்பிவிடும், ஏமாந்துவிடுவீர்கள். வெயிலில் கட்டிப்போட்டால் அந்த இளஞ்சிவப்பு மூக்கு வெந்துபோகும்.

6. 'டேன் ஏழெட்டு வருஷம்தான், மொத்தத்தில் செலவு சரியாகிவிடும்' என்பார்கள் சிலர். நான் ஒப்பமாட்டேன். வயதான டேனுக்கு இதயமும் இடுப்பும் கேட்கிற செலவு வேறு. தோட்டத்துக்கு ராஜபாளையம் போதும். டேன்தான் என்று பிடிவாதமா? ராத்திரியில் கூப்பிட்டால் எடுக்கிற டாக்டர் ஒருவரையும் வாடகை வண்டிக்காரர் ஒருவரையும் துறையூரில் பேசி வைத்துவிட்டு, அப்புறம் குட்டிக்கு முன்பணம் கொடுங்கள்.