அம்மாவிடம் கேளுங்கள்

"சூட்டு உடம்பு, அதான் படுது." மாதவிடாய் நின்று பல வருடமான பெண்கள் துணியில் ரத்தக்கறையைப் பார்த்ததும் இப்படிச் சொல்லிக்கொண்டு, மோரில் ஊறிய வெந்தயத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உடம்புச் சூட்டால் கர்ப்பப்பையிலிருந்து ரத்தம் வராது. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதித்தே ஆக வேண்டும்.

மருத்துவர் முதலில் புற்றுநோயைத் தேடுவார், தேடவும் வேண்டும். நம் நாட்டில் கர்ப்பப்பைக் காசநோயையும் சேர்த்துத் தேட வேண்டும்.

"டி.பி. நெஞ்சில்தானே வரும்? எக்ஸ்ரே நன்றாக இருக்கிறதே!" கிருமி பெரும்பாலும் நுரையீரலில்தான் முதலில் குடியேறுகிறது. அங்கிருந்து ரத்தத்தில் கலந்து கருக்குழாய்க்குப் போய், கர்ப்பப்பையின் உள்சவ்வுக்கும் பரவுகிறது. பல வருடம் அடங்கிக் கிடந்துவிட்டு, முதுமையிலோ சர்க்கரை நோயிலோ எதிர்ப்புச் சக்தி குறையும்போது தலைதூக்கலாம். அதற்குள் நெஞ்சுப் புண் ஆறியிருக்கும். இருமல்கூட இருக்காது.

"பிள்ளை பெறும் வயதில் வருகிற நோய்" என்பது பாதி உண்மை. இளம்பெண்களுக்கே அதிகம் வருகிறது. முதியவர்களுக்குக் குறைவு என்பதாலேயே யாருக்கும் நினைவு வருவதில்லை. வயிற்றில் நீர் கோத்து, ரத்தத்தில் சி.ஏ.125 என்ற புரதத்தின் அளவும் கூடியிருந்தால் அப்படியே சினைப்பைப் புற்றுநோய் போலத் தெரியும். வயிற்றைத் திறந்த பிறகு காசநோய் என்று தெரிந்ததும் உண்டு. அதனால் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: கர்ப்பப்பையிலிருந்து எடுக்கும் சதைத்துணுக்கில் ஒரு பகுதி காசநோய்ப் பரிசோதனைக்கும் போகிறதா? முழுவதையும் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். வளர்த்துப் பார்க்க வழியில்லை. இந்தத் துணுக்கில் கிருமிகள் குறைவாகவே இருக்கும் என்பதால், ஒருமுறை 'இல்லை' என்று வந்தாலும் சந்தேகம் தீர்ந்துவிடாது.

"நடத்தை சரியில்லாததால் வந்தது." இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. இந்தப் பயத்தில்தான் எத்தனையோ பெண்கள் மகளிடம்கூட வாய் திறப்பதில்லை. யாரோ இருமிய காற்றைச் சுவாசித்ததற்கு நடத்தை என்ன செய்யும்? உடலுறவால் தொற்றுவது மிக அரிது. நுரையீரலில் நோய் இல்லையென்றால் இவர்களால் வீட்டில் யாருக்கும் பரவாது. தனித் தட்டும் தனி டம்ளரும் வேண்டாம்.

கர்ப்பப்பையை எடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் வராது. பொதுவாக ஆறு மாத மாத்திரை போதும். காசநோய்க்கு வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுக் குணமாகலாம் என்று 1950களின் இறுதியில் உலகுக்குக் காட்டியதே சென்னையில் நடந்த ஆய்வுதான். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். சத்துணவுக்கு மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

இன்றைக்கே அம்மாவிடம், அத்தையிடம், மாமியாரிடம் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "படுது" என்று சொன்னால், மறுநாளே கூட்டிப்போங்கள்.