மின்னஞ்சற் பேழையும் அதன் காப்பும்

தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் 2011ஆம் ஆண்டு முதல் ஜோஹோ நிறுவனத்தார் அலுவலகம் அமைத்துப் பணியாற்றி வருதலை அன்பர் பலரும் அறிவர். அவர் 2008ஆம் ஆண்டு தொடங்கி மின்னஞ்சற் பணியும் நடத்துகின்றனர். தேர்வுச் செய்தியும் உதவித்தொகை ஆணையும் இக்காலத்து மின்னஞ்சல் வழியே வருதலின், அவை தங்கும் சர்வர் பழுதுறின் யாது செய்வது என்பது தமிழ் பயிலும் நம்மனோர்க்கும் உரிய வினாவேயாம்.

இதற்கு முதற் காவலாவது ஸ்நாப்ஷாட் எனப்படுவது. யாம் அதனை நொடிப்பதிவு என்போம். பெயரைக் கேட்டோர், கடிதங்கள் யாவும் ஒருங்கே படியெடுக்கப்படும் எனக் கருதக்கூடும், அஃது அன்று. ஏட்டுச்சுவடி ஒன்றைக் கொள்வோம். திருத்தம் நேருங்கால் பழைய ஏட்டை அழியாது, புதிய ஏட்டில் எழுதிச் சேர்த்து, எவ்வேடு எங்குளது என்று காட்டும் அட்டவணையைப் புதிதாக வகுத்து, பழைய அட்டவணையையும் உடன் வைத்துக்கொள்வோமாயின், வேண்டியபோது பழைய சுவடியையே படிக்கலாகும். நொடிப்பதிவு இத்தகையதே. ஆதலின் அது நொடியில் முடிகின்றது. தொடக்கத்தில் இடமும் மிகுதியாக வேண்டுவதில்லை. ஆயின், சுவடியைச் செல் அரித்தால் பழைய ஏடும் புதிய ஏடும் ஒருங்கே மாயும். வட்டு பழுதுறின் நொடிப்பதிவும் அவ்வாறே ஒழியும்.

இன்னுமோர் இடர்ப்பாடுண்டு. மின்னஞ்சல் சர்வர்களுட் சில, வரும் கடிதத்தை முதலிற் குறிப்பேட்டிற் பதிந்து, பின்னரே பேரேட்டில் ஏற்றும். (நம்மூர்க் கடைக் கணக்கரும் அவ்வாறே செய்வர்.) குறிப்பேட்டை ஒரு நொடியிலும் பேரேட்டை மற்றொரு நொடியிலும் பதிந்தால் இரண்டும் தம்முள் முரணும். ஆகவே எழுதுதலைச் சிறிது நிறுத்தி, இரண்டையும் ஒரே நொடியிற் பதிதல் முறை.

பேக்கப் எனப்படும் காப்புப் படியோ வேறொரு கருவியில், வேறோரிடத்தில் இருப்பது. பல நிலையங்களில் உடனுக்குடன் படி வைத்தால் அமையாதோ எனின், அமையாது. ஓரிடத்து நேர்ந்த பிழையும் அழிவும் ஏனைய இடங்கட்கும் உடனே பரவும். 2011 பெப்ருவரி 27ஆம் நாள் கூகிளின் ஜிமெயிலில் இதுவே நேர்ந்தது. சேமிப்பு மென்பொருளின் புதுப்பிப்பில் இருந்த பிழையால், பயனருள் 0.02 விழுக்காட்டினரின் கடிதங்கள், பல நிலையங்களிற் படிகள் இருந்தும், மறைந்தன. சர்வர்களினின்று பிரித்து வைத்த காந்த நாடாக்களே அவற்றை மீட்டுத் தந்தன.

படி தொலைவில் இருத்தலும் வேண்டும். 2023 டிசம்பரிற் பெய்த பெருமழை தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களை ஒருங்கே தாக்கியது. அம்பாசமுத்திரத்து அஞ்சலுக்குப் பாளையங்கோட்டையிற் படி வைப்பது அத்தகைய நாளிற் பயன்படுமோ? ஜோஹோவின் இந்தியத் தரவு நிலையங்கள் மும்பையிலும் சென்னையிலும் அமைந்திருத்தல் ஈண்டு நோக்கத்தக்கது.

தென்காசிக் கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், அதற்குக் குறை நேருங்கால் அதனை நீக்கிக் காப்போரைத் தான் பணிவதாகக் கல்லிற் பொறித்துச் சென்றான். சிதைந்து கிடந்த கோபுரமும் 1990ஆம் ஆண்டிற் புதுப்பொலிவு பெற்றது. மீட்டலே அரிய வேலை என்பதை அவன் அறிந்திருந்தான் போலும். 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் நிறுவனத்துப் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். நாடொறும் எடுக்கப்பட்டு வந்ததாக எண்ணிய காப்புப் படி எடுக்கப்படவேயில்லை. அத்தவற்றை அறிவிக்க எழுந்த மின்னஞ்சல்களும் ஏற்கப்படாது தள்ளப்பட்டிருந்தன. வேறொரு சோதனைக்கென ஏறத்தாழ 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த நொடிப்பதிவு ஒன்றே கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்துத் தரவு போயிற்று.

சிறு கல்விக்கழகமோ கூட்டுறவுச் சங்கமோ தானே சர்வர் நடத்துமாயின், மாதம் ஒருமுறை ஒருவரது அஞ்சற்பெட்டியைக் காப்புப் படியினின்று வேறொரு கணினியில் மீட்டு, கடிதங்களை எண்ணி மூலத்தோடு ஒப்புநோக்குக; இணைப்புகளையும் திறந்து பார்க்க.