ரத்தம் ஏத்திட்டா கட்டி கரையுமா?

அன்புள்ள இளம் மருத்துவருக்கு,

கதிர்வீச்சுப் பிரிவுக்கு வந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி உங்களைத் தேடி வந்திருக்கும். கணவருக்குக் கன்னத்தில் புற்று. முப்பது வருஷம் வெற்றிலையோடு புகையிலை அடக்கிய வாய் இப்போது இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறக்கிறது. மனைவி ரத்த அணு எண்ணிக்கைத் தாளை, அதாவது சிபிசியை, நீட்டுகிறார். ஹீமோகுளோபின் 9.4 என்ற எண் தடித்த எழுத்தில் இருக்கிறது. "ரத்தம் கம்மியா இருக்கே டாக்டர், ரத்தம் ஏத்திட்டு கரண்ட் வெச்சா கட்டி சீக்கிரம் கரையுமா?"

கரண்ட் என்று அவர் சொல்வது கதிர்வீச்சைத்தான். விவரம் தெரியாமல் கேட்கிறார் என்று நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் இந்தத் துறையின் பெரிய தலைகள் பல வருஷம் இதே கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

அவர்களிடம் காரணம் இருந்தது. கதிர்வீச்சு செல்லின் மரபிழையில் உண்டாக்கும் சேதத்தை நிலைக்கச் செய்வது ஆக்சிஜன். ஆக்சிஜன் எட்டாத செல்லைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் தேவைப்படும். 1955-ல் இங்கிலாந்தில் தாம்லின்சனும் கிரேயும் நுரையீரல் கட்டிகளின் துண்டுகளை நுண்ணோக்கியில் அளந்து பார்த்தார்கள். ரத்தக்குழாய் ஓடும் பகுதியிலிருந்து சுமார் 180 மைக்ரானுக்குள்தான் உயிருள்ள செல்கள் இருந்தன. அதற்கு அப்பால் எல்லாம் செத்த இழையம். அந்த எல்லையோரத்தில் மூச்சுத் திணறிக் கிடக்கும் செல்கள்தான் கதிருக்குத் தப்புகிறவை. இதோடு இன்னொரு சேதியும் சேர்ந்துகொண்டது. தலை கழுத்துப் புற்றில் ஹீமோகுளோபின் குறைந்தவர்களுக்கு நோய் திரும்புவது அதிகம் என்று ஆய்வுக்கு மேல் ஆய்வு சொன்னது. இரண்டையும் கூட்டினால் வரும் விடை அந்த அம்மா சொன்னதேதான்.

பதில் 2003-ல் லான்செட் இதழில் வந்தது. ஜெர்மனியின் மிக்கேல் ஹென்கேயும் உடன் பணியாற்றியவர்களும் ரத்தசோகை இருந்த 351 தலை கழுத்துப் புற்று நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் கதிர்வீச்சு. பாதிப் பேருக்குச் சிவப்பணுவைப் பெருக்கும் எரித்ரோபோய்டின் ஊசி, மீதிப் பேருக்கு வெற்று ஊசி. மருந்து தன் வேலையைக் கச்சிதமாகச் செய்தது: ஊசி போட்டவர்களில் 82 சதவீதம் பேருக்கு ஹீமோகுளோபின் இலக்கைத் தாண்டியது, மற்றவர்களில் 15 சதவீதம்தான். ஆனால் கட்டி திரும்பி வளர்ந்ததும் ஊசி போட்டவர்களிடம்தான் அதிகம். ஒன்றரை மடங்குக்கும் மேல்.

இதை நம்ப யாருக்கும் மனம் வரவில்லை. டென்மார்க்கின் தலை கழுத்துப் புற்று ஆய்வுக் குழுவான டஹான்கா அதே வகை மருந்தான டார்பெபோய்டினை வைத்துத் தன் பத்தாவது ஆய்வை நடத்திக்கொண்டிருந்தது. 522 பேர் சேர்ந்திருந்த நிலையில், 2006-ல், இடைக்கணக்கைப் பார்த்துவிட்டு ஆய்வையே நிறுத்தினார்கள். ஐந்து வருஷக் கணக்கில் மருந்து பெற்றவர்களில் 47 சதவீதம் பேருக்குக் கட்டி அதே இடத்திலோ கழுத்திலோ அடங்கவில்லை, பெறாதவர்களில் அது 34 சதவீதம். 2007-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த ஊசிகளின் மேல் கறுப்புக் கட்ட எச்சரிக்கை அச்சிட வைத்தது.

சரி, ஊசி வேண்டாம், ரத்தமே ஏற்றினால்? அதையும் டென்மார்க்காரர்கள் பார்த்துவிட்டார்கள். ஹீமோகுளோபின் குறைந்த 465 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ரத்தம் ஏற்றிப் பிறகு கதிர்வீச்சு கொடுத்தார்கள். எண் ஏறியது, பலன் ஏறவில்லை. (அங்கே ஆண்களுக்கு 14.5-க்குக் கீழே என்றாலே 'குறைவு'. நம் வார்டில் 14.5 என்று வந்தால் மாதிரி மாறிவிட்டதோ என்று லேபுக்குப் போன் போடுவோம்.)

ஏன் இப்படி? எரித்ரோபோய்டின் கட்டிக்கே உரம் போட்டதா, ரத்தம் கெட்டியாகி ஓட்டம் மந்தமானதா என்ற வாதம் முடியவில்லை. ஆனால் ஹீமோகுளோபின் ஏன் குறைகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் தெளியும். பெரிய கட்டி, புண், சீழ், அழற்சி. இவை கல்லீரலைத் தூண்டி ஹெப்சிடினைச் சுரக்க வைக்கின்றன. அது உடம்பில் உள்ள இரும்பையே பூட்டி வைத்துவிடுகிறது. இதோடு வாய் திறக்காததால் சாப்பாடு இல்லை, எடை சரிகிறது. மோசமான நோய்தான் எண்ணைக் கீழே இழுக்கிறது. எண்ணை மட்டும் மேலே தூக்கினால் நோய் அப்படியேதான் இருக்கும்.

இப்போது இதே ஆசை வெள்ளையணுப் பக்கம் தாவியிருக்கிறது. நியூட்ரோஃபில் எண்ணிக்கையை லிம்ஃபோசைட் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் விகிதம்தான் இப்போதைய நம்பிக்கை. செலவில்லாத கணக்கு என்பதால் ஆய்வறிக்கைகள் குவிகின்றன. 2014-ல் டெம்பிள்டன் குழு 100 ஆய்வுகளிலிருந்து 40,559 நோயாளிகளின் கணக்கைத் தொகுத்தது. பலவகைப் புற்றுகளில் இந்த விகிதம் அதிகம் உள்ளவர்களுக்கு ஆயுள் குறைவு என்று தெரிந்தது. அதில் சந்தேகமில்லை. ஆனால் எந்த எண்ணுக்கு மேல் 'அதிகம்'? ஒரு ஆய்வு 2 என்கிறது, இன்னொன்று 5 என்கிறது. 2017-ல் நடப்புக்கு வந்த எட்டாம் பதிப்பு டிஎன்எம் நிலைப்படுத்தலில் வாய்ப்புற்றின் ஆழம் சேர்ந்தது, தொண்டைப்புற்றில் பி16 புரதம் சேர்ந்தது. ரத்த அணுக்கள் சேரவில்லை.

ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திங்கள் காலை நியூட்ரோஃபில் 4,500, லிம்ஃபோசைட் 1,500. விகிதம் 3. அன்று மதியம் சிஸ்பிளாட்டின், வாந்தி வராமலிருக்க டெக்ஸாமெத்தசோன். செவ்வாய் காலை 9,000, 900. விகிதம் 10. ஒரே ராத்திரியில் அந்த மனிதரின் ஆயுளா குறைந்தது? ஸ்டீராய்டு போட்டால் ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த நியூட்ரோஃபில்கள் ஓட்டத்துக்கு வந்துவிடும், லிம்ஃபோசைட்டுகள் ஒதுங்கிவிடும். சொத்தைப் பல்லில் சீழ் இருந்தாலும் விகிதம் ஏறும். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தது எப்போது, அதற்கு முன் என்ன மருந்து போயிற்று என்று தெரியாமல் அந்த எண்ணை வாசிக்காதீர்கள். பிளேட்லெட் திடீரென்று 40,000 என்று வந்தாலும் முதலில் ஸ்லைடைப் பார்க்கச் சொல்லுங்கள். குழாயிலுள்ள உறைவுத் தடுப்பி சிலருடைய ரத்தத்தில் பிளேட்லெட்டுகளைக் கொத்துக் கொத்தாக ஒட்டவைத்துவிடும், எண்ணும் மெஷினுக்கு அது தெரியாது.

நல்ல எண்ணும் ஏமாற்றும். பீடி பிடிக்கும் சிலருக்கு ஹீமோகுளோபின் 15 கூட இருக்கலாம். அதில் ஒரு பங்கு கார்பன் மோனாக்சைடைச் சுமந்துகொண்டு திரிகிறது, ஆக்சிஜனுக்கு உதவாது. கனடாவில் பிரௌமன் குழு 1993-ல் வெளியிட்ட ஆய்வில் 115 தலை கழுத்துப் புற்று நோயாளிகள். கதிர்வீச்சு நடக்கும்போதும் புகைத்தவர்களில் 45 சதவீதம் பேருக்குத்தான் கட்டி முழுதாகக் கரைந்தது, மற்றவர்களில் 74 சதவீதம். இரண்டு வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் முறையே 39, 66 சதவீதம். 'இன்னும் புகைக்கிறீர்களா?' என்று, சிபிசி தாளில் இல்லாத இந்த ஒரு கேள்வியை ரவுண்ட்ஸில் எத்தனை பேர் தினமும் கேட்கிறோம்?

எண்ணிக்கைக்கு வேலையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கீமோவுக்குப் பிறகு நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே போய்க் காய்ச்சலும் வந்தால் அது அவசரம், அந்த மணி நேரத்திலேயே ஆன்டிபயாடிக் போக வேண்டும். ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கினால், மூச்சு வாங்கினால், ரத்தம் ஏற்றத்தான் வேண்டும். அது நோயாளி நடமாடுவதற்காக. ஆனால் 9.4-ஐ 12 ஆக்குகிறேன் என்று கதிர்வீச்சை ஒரு வாரம் தள்ளிவைப்பதும் நடுவில் நிறுத்திவைப்பதும் நோயாளிக்குச் செய்யும் கெடுதல். சிகிச்சை தொடங்கி நாலு வாரத்துக்குப் பிறகு மிஞ்சிய செல்கள் வேகமாகப் பெருகுகின்றன என்றும், அதை ஈடுகட்ட நாளொன்றுக்கு 0.6 கிரே அளவு கதிர் கூடுதலாக வேண்டியிருக்கும் என்றும் கதிர்வீச்சு ஆய்வாளர் விதர்ஸ் 1988-லேயே கணக்குப் போட்டுவிட்டார். நடுவில் ஒரு வார இடைவெளி விழுந்தால் எவ்வளவு நஷ்டம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

அந்த அம்மா இன்னும் நின்றுகொண்டிருக்கிறார். மாதுளை ஜூஸ், பேரீச்சை, சுவரொட்டி என்று ஆளாளுக்குச் சொன்னதையெல்லாம் வாங்கிக் கொடுத்துக் களைத்திருப்பார். கரண்டை இன்றைக்கே தொடங்கலாம், ரத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சுவரொட்டியை நிறுத்தச் சொல்ல வேண்டாம், காரமில்லாமல் வேகவைத்து மிக்ஸியில் அரைத்து, ஆறியபின் கொடுக்கட்டும். பல் டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதுங்கள். வாரா வாரம் எடை பாருங்கள், இறங்கிக்கொண்டே போனால் மூக்குக் குழாய் போடுவதைப் பற்றி அப்போதே பேசிவிடுங்கள். அந்த அம்மா வெளியே போனதும் கணவரை மட்டும் ஒரு நிமிஷம் நிறுத்தி, சட்டைப்பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.