நெற்றியில் அடி, கண்ணில் இருட்டு

பாம்பன் கடலில் விசைப்படகின் வின்ச் கயிறு அறுந்து புருவத்தில் அடிக்கிறது. அல்லது மண்டபம் சாலையில் பைக் சறுக்கி நெற்றி தரையில் மோதுகிறது. நாலு தையல் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். கண் சிவக்கக்கூட இல்லை. மறுநாள் முகம் கழுவும்போதுதான் ஒரு கண்ணில் பார்வை இல்லை என்பதே தெரிகிறது. அடியின் வேகம் எலும்பு வழியாகப் போய், பார்வை நரம்பு நுழையும் குறுகிய எலும்புக் குழாயில் நரம்பைச் சிதைத்திருக்கும். கண்ணில் ஒரு கீறலும் இருக்காது.

ஆகவே, அடிபட்டவர் நினைவோடு இருந்தால் அங்கேயே கண்களைத் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒன்றை அழுத்தாமல் மூடி, விரல்களை எண்ணச் சொல்லுங்கள். சிவப்புத் துணியைக் காட்டுங்கள். ஒரு கண்ணுக்கு மட்டும் நிறம் வெளுத்துத் தெரிந்தால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். பிறகு டார்ச் வெளிச்சத்தை இரண்டு நொடிக்கு ஒருமுறை கண் மாற்றி அடியுங்கள். வெளிச்சம் வந்ததும் கண்மணி சுருங்காமல் விரிந்தால் அந்தக் கண்ணில்தான் பாதிப்பு. பார்வை அடிபட்டவுடனே போனதா, மெல்ல மங்கியதா என்று நேரத்தோடு குறித்துக்கொள்ளுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணில் விட வேண்டாம்.

கண் பிதுங்கி, கல் போல இறுகி, வலியோடு பார்வை மங்கினால் பின்னால் ரத்தம் தேங்கியிருக்கலாம். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை சுமார் 170 கி.மீ.; அதுவரை நரம்பு தாங்காது. இரண்டு மணி நேரத்துக்குள் அழுத்தம் இறங்க வேண்டும். அருகிலுள்ள அவசரப் பிரிவிலேயே கண்ணின் வெளி ஓரத்தை மரக்கவைத்துக் கீறிவிட முடியும். ஸ்கேன் எடுக்கக்கூடக் காத்திருக்க வேண்டாமே என்று தயங்காமல் கேளுங்கள்.

மற்றபடி 108 ஆம்புலன்ஸில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. முதலில் தலைக்காயம் பார்க்கப்படட்டும். சி.டி. ஸ்கேனில் பார்வை நரம்புக் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள். விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பியை வாங்கி வையுங்கள். அடுத்து கண் மருத்துவர். மதுரையில் அரவிந்த், அரசு ராஜாஜி மருத்துவமனைகள் இருக்கின்றன.

அங்கே மூன்று வழிகள் சொல்வார்கள்: ஸ்டீராய்டு, அறுவை சிகிச்சை, பொறுத்துப் பார்ப்பது. 1999-ல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வொன்று இப்படிப் பார்வை நரம்பு அடிபட்ட 133 பேரைப் பார்த்தது. மருந்தோ அறுவையோ, சும்மா விட்டதைவிட மேல் என்று தெளிவாகத் தெரியவில்லை. தானாகவே ஓரளவு பார்வை திரும்பியவர்கள் கணிசமானவர்கள். 2004-ல் தலைக்காயம் பட்ட சுமார் 10,000 பேரிடம் நடந்த சோதனையில், அதிக அளவு ஸ்டீராய்டு பெற்றவர்களிடையே இறப்பு கூடியது. அதனால் ஊசி போடுமுன், “மூளையில் காயம் இருக்கிறதா? சர்க்கரை எவ்வளவு?” என்று கேளுங்கள். எலும்புச் சில்லு நரம்பை அழுத்தினாலோ, இருந்த பார்வை குறைந்துகொண்டே போனாலோ மூக்கு வழியாகச் செய்யும் அறுவையைப் பற்றிப் பேசலாம்.

எதுவும் செய்யாமல் பார்ப்பது கைவிடுவது ஆகாது. தினமும் அதே இடத்தில் நின்று காலண்டரைப் படித்துப் பார்த்து எழுதி வையுங்கள். நரம்பு வெளுப்பது மூன்று முதல் ஆறு வாரத்தில்தான் தெரியும். அதுவரை பரிசோதனையைத் தவறவிடாதீர்கள். ஸ்டெம் செல் ஊசி என்று யாராவது பணம் கேட்டால் படகை விற்றுக் கொடுத்துவிடாதீர்கள். செத்த பார்வை நரம்பை மீட்டதாக நிரூபிக்கப்பட்ட வைத்தியம் இன்னும் இல்லை.

மிச்சமிருக்கும் கண்ணுக்குப் பவர் தேவையில்லை என்றாலும் பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள், படகில் கால் வைக்குமுன்பே.