முகமும் களமும்: 'ஒன் பஞ்ச் மேன்' இணைய வரைகதையின் நிறைகுறைகள்

திறவுச்சொற்கள்: இணைய வரைகதை, மாங்கா, மெய்ப்பாடு, பெருமிதம், நகை

முன்னுரை

அம்பத்தூரை அடுத்த கள்ளிக்குப்பத்தில் இவ்வாய்வாளரிடம் மாலை வகுப்புக்கு வரும் பதினோராம் வகுப்பு மாணவர் ஒருவர், ஏரிக்குள் உறங்கும் பூதத்தை எழுப்பிவிட்ட சிறுவனின் கதையை மாங்கா பாணியில் வரைந்து, கைப்பேசி வழியே நண்பர்களுக்கு அனுப்பிவந்தார். ஏழு பகுதிகளோடு நிறுத்திவிட்டார். 'முகம் சரியாக வரவில்லை' என்பதே அவர் கூறிய காரணம். முறையாக ஓவியம் பயிலாதவர் வரையும் கதையில் எக்குறை பொறுக்கத்தக்கது, எக்குறை கதையையே குலைப்பது என்னும் வினா இதிலிருந்து எழுந்தது. அதனை ஆராய ஜப்பானிய இணைய வரைகதையான 'ஒன் பஞ்ச் மேன்' இங்கு எடுத்துக்கொள்ளப்படுகிறது.

ஒரு கதை, இரு கைகள்

'ஒன்' என்னும் புனைபெயர் கொண்ட ஆசிரியர் 2009ஆம் ஆண்டு இக்கதையைத் தாமே வரைந்து இணையத்தில் வெளியிடத் தொடங்கினார். கோடுகள் நடுங்குவன; கைகள் அளவொவ்வாதன; பின்புலம் பெரும்பாலும் வெறுமை. ஆயினும் வாசகர் பெருகினர். 'ஐஷீல்டு 21' தொடரின் ஓவியரும் தேர்ந்த கைவினைஞருமான யுசுகே முராத்தா இதனை விரும்பி மீள வரைய முன்வந்தார். அவ்வடிவம் 2012 முதல் ஷூயேஷா நிறுவனத்தின் இணைய இதழில் வெளிவரலாயிற்று. ஒரே கதை பயிலாக் கையாலும் பயின்ற கையாலும் வரையப்பட்டு இரு வடிவங்களாக நிற்பது அரிது. ஓவியத்தின் பங்கு எது, கதையின் பங்கு எது எனப் பிரித்தறிய இதுவே வாய்ப்பளிக்கிறது.

தமிழ் வாசகருக்கு இவ்வொப்பீடு மேலும் தேவையானது. 1972இல் முத்து காமிக்ஸ் வழி வந்த இரும்புக்கை மாயாவி, பிரித்தானிய 'வேலியண்ட்' இதழுக்காக ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தது. அத்தகைய தேர்ந்த கோடுகளை மொழிபெயர்ப்பு வழியே பார்த்துப் பழகிய கண்கள் நம்முடையவை. உள்ளூர்ச் சிறுவனின் நோட்டுப்புத்தகத்தையும் நாம் அதே அளவுகோலால் அளந்துவிடுகிறோம்.

பெருமிதமும் நகையும்

கதைத்தலைவன் சைத்தாமா எப்பகைவரையும் ஒரே குத்தில் வீழ்த்துபவன். அதனால் போரில் சுவை இழந்து சலித்தவன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் பெருமிதத்திற்குக் கல்வி, தறுகண், இசைமை, கொடை என நான்கு நிலைக்களன்களைக் கூறும். (எதற்கெடுத்தாலும் தொல்காப்பியத்தைப் பொருத்திப் பார்க்கும் வழக்கம் நம் துறையில் மிகுதி என்பதை இவ்வாய்வாளரும் அறிவார். இங்கே அது பயன் தருகிறது.) சைத்தாமாவிடம் இந்நான்கும் ஒவ்வொன்றாகத் தடம் மாறுகின்றன. அவன் ஆற்றலின் இரகசியம் கேட்கும் மாணவன் ஜெனோஸுக்குக் கிடைப்பது அன்றாட உடற்பயிற்சிப் பட்டியல் மட்டுமே. வீரர் தேர்வில் உடற்திறனில் முழு மதிப்பெண் பெற்றும், எழுத்துத் தேர்வால் கடைநிலை வகுப்பில் சேர்கிறான். விண்கல்லை உடைத்து நகரைக் காத்தும், சிதறிய துண்டுகள் விளைத்த சேதத்துக்காகப் பழிக்கப்படுகிறான்.

ஆழ்கடல் அரசன் பகுதி இத்தொடரின் உச்சம் எனலாம். தோற்பது உறுதியென அறிந்தும் மிதிவண்டியில் வந்து எதிர்நிற்கும் முமென் ரைடரிடமே உண்மையான தறுகண் உள்ளது. வெல்லும் சைத்தாமாவுக்கு அஞ்ச ஏதுமில்லை. எனவே அவனிடம் தறுகண்ணுக்கு இடமுமில்லை. வெற்றிக்குப்பின், பிற வீரர்களைக் கூட்டத்திலொருவன் இகழும்போது, பகைவனை முன்பே தளர்த்தியவர்கள் அவர்களே என்றும் தான் எளிதில் முடித்துப் பெயர் பெற்றதாகவும் சைத்தாமா பொய்யுரைக்கிறான். தனக்குரிய இசையை எடுத்துப் பிறர்க்கு ஈகிறான். வீரம் என்னும் ஒற்றைச் சொல்லால் இக்காட்சியை விளக்கவியலாது. பெருமிதத்தினுள் கொடையும் அடங்கும் என்ற இலக்கணம் இதனைத் தெளிவாக்குகிறது.

இக்காட்சிகளில் ஒன்னின் முதிராக் கோடு குறையாகவில்லை. முட்டை வடிவத்தலையும் இரு புள்ளிக் கண்களுமான முகம் சலிப்பைச் சுருங்கக் கூறுகிறது. பகைவன் கட்டம் நிறையத் தன் வரலாறு பேசுவதும், அடுத்த கட்டத்திலேயே இல்லாமற் போவதும் காலம் கணித்து அமைந்தவை. முராத்தாவின் வடிவில் அதே குத்து மலையையும் மேகத்தையும் பிளக்கும் பெருங்காட்சியாகிறது. நகை விளைய வேண்டிய இடத்தில் மருட்கை முந்துகிறது. இது ஈடு செய்யப்படாத இழப்பு என்றே கருதத் தோன்றுகிறது. பின்னர் இதே கோட்டுப் பாணியில் ஒன் வரைந்த 'மாப் சைக்கோ 100' ஷோகாக்குகான் மாங்கா விருது பெற்றமையும் கருதத்தக்கது.

களம் இல்லாப் போர்

எனினும் எல்லாக் குறைகளையும் 'பாணி' என்று கூறி மறைத்தல் கூடாது. காரோ என்னும் வீரர்வேட்டையன் பலரோடு மோதும் நெடும்பகுதிகளில் போர் ஒரு குத்தில் முடிவதில்லை. யார் எத்திசையில் நிற்கிறார், அடி எங்கிருந்து வந்தது, வீழ்ந்தவர் யார் என்பதை வாசகர் ஊகிக்க நேர்கிறது. தரையும் சுவரும் தொலைவும் வரையப்படாமையால் உடல்கள் வெளியில் மிதக்கின்றன. முராத்தாவின் வருகை உண்மையில் வளம் சேர்ப்பது இங்கேதான். கதையமைப்பிலும் தளர்வு உண்டு: துணைவீரர் பெருகப் பெருகத் தலைவன் நெடும்பொழுது காணாமற் போகிறான், பெண் மாந்தருள் தத்சுமாகி, ஃபுபுகி இருவர் தவிர நினைவில் நிற்போர் குறைவு.

இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு மாணவரின் ஏழு பகுதிகளும் மீண்டும் பார்க்கப்பட்டன. அழித்தழித்துத் தாள் தேய்ந்த சிறுவனின் முகத்தில் அச்சம் பிழையின்றித் தெரிகிறது. நான்காம் பகுதியில் பூதம் நீரிலிருந்து எழுகிறது. ஆனால் ஏரிக்கரை எங்கும் வரையப்படவில்லை. சிறுவன் கரையில் நிற்கிறானா, நீருக்குள் நிற்கிறானா என்று கேட்டபோது, அதைத் தாம் எண்ணிப் பார்க்கவே இல்லை என்றார் அவர்.